பொது சுகாதார நிபுணர் என்றால் யார்? செங்கல்பட்டிலிருந்து சில பதில்கள்

டெங்கு பரவும்போது தொலைக்காட்சியில் ஒருவர் பேசுகிறார். பெயருக்குக் கீழே ‘பொது சுகாதார நிபுணர்’ என்று போடுகிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் இன்னொருவர் வருகிறார். அவருக்கும் அதே அடைமொழி. இவர்கள் எல்லாரும் டாக்டர்களா? எந்த ஆஸ்பத்திரியில் பார்க்கிறார்கள்? இவர்கள் சொல்வதை எவ்வளவு நம்பலாம்? நாளை இவர்களில் ஒருவர் அனுப்பிய ஆள் உங்கள் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்க வேண்டும் என்றால் கையை நீட்டலாமா?

செங்கல்பட்டு மாவட்டத்தை வைத்தே இவற்றுக்குப் பதில் சொல்லிவிடலாம். தொழுநோய், காசநோய், பாம்புக்கடி, சர்க்கரை நோய் என்று நாட்டின் பொது சுகாதார வேலைகளில் பெரிய சில இந்த மண்ணில்தான் நடந்திருக்கின்றன.

முதல் சந்தேகம்: சாதாரண டாக்டருக்கும் இவருக்கும் என்ன வேறுபாடு? உங்கள் டாக்டர் உங்கள் காய்ச்சலைப் பார்க்கிறார். பொது சுகாதாரக்காரர், உங்கள் தெருவில் இந்த வாரம் எத்தனை பேருக்குக் காய்ச்சல், ஏன் பக்கத்துத் தெருவில் இல்லை, அடுத்த வாரம் யாருக்கு வரும் என்று பார்க்கிறார். அவருடைய நோயாளி ஊர்.

ஊரைப் பார்ப்பதற்கு ஒரே படிப்புப் போதாது. அதனால்தான் இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லாரும் டாக்டர்கள் இல்லை. யார் எங்கிருந்து வந்தார் என்று தெரிந்தால், அவர் எந்தக் கேள்வியைக் கேட்பார், எதைப் பார்க்காமல் விடுவார் என்பதும் தெரிந்துவிடும்.

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் தொழுநோய்க்கான மத்திய ஆராய்ச்சி, பயிற்சி நிலையம் இருக்கிறது. 1924இல் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையாகத் தொடங்கியதை 1955இல் மத்திய அரசு எடுத்துக்கொண்டது. அங்கே ராபர்ட் காக்ரேன் என்ற தொழுநோய் மருத்துவர் இருந்தார். தோலைப் பார்த்து, கிருமியைப் பார்த்து, மருந்து தேடியவர். சல்ஃபோன் வகை மருந்துகளை இந்தியாவில் தொழுநோய்க்கு முதலில் கொடுத்துப் பார்த்தவர்களில் அவர் ஒருவர்.

1947 வாக்கில் வேலூர் சி.எம்.சி.யிலிருந்து பால் பிராண்ட் அங்கே வந்தார். இவர் கொல்லிமலையில் வளர்ந்த மிஷனரி பிள்ளை. மருத்துவம் படிக்கும் முன் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றவர், பிறகு எலும்பு அறுவை மருத்துவர் ஆனார். அங்கே ஒரு நோயாளியின் மடங்கிப் போன கைக்குள் தன் கையைக் கொடுத்து இறுக்கச் சொன்னார். அந்தப் பிடி பிராண்டையே வலிக்க வைத்தது. கையில் தசை செத்துவிட்டது என்று எல்லாரும் நம்பியிருந்த காலம் அது. தோல் மருத்துவர்கள் வருடக்கணக்காகப் பார்த்த அதே கையில், கைவேலை தெரிந்த ஒருவர் வேறொன்றைக் கண்டார்.

அதன் பிறகு பிராண்ட் தேடிக் கண்டது உங்களுக்கும் எனக்கும் முக்கியமானது. தொழுநோயில் விரல்கள் அழுகி உதிர்வதில்லை. நரம்பு கெட்டு வலி தெரியாமல் போகிறது. அடுப்பில் சுட்டாலும் ஆணி குத்தினாலும் தெரியாது. கவனிக்காத புண்தான் விரலைத் தின்கிறது. அப்படியானால் மாத்திரையோடு சேர்த்து நல்ல செருப்பும் மருந்துதான். உணர்விழந்த கால்களுக்கு அரசு இன்றும் இலவசமாகத் தரும் எம்.சி.ஆர். செருப்பு (உள்ளே மெத்தென்ற ரப்பர் வைத்தது) இந்த எண்ணத்திலிருந்து வந்தது.

உங்கள் வீட்டில் யாருக்காவது உடலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்து, அந்த இடத்தில் தொட்டால் உணர்வு இல்லையென்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மாத்திரை இலவசம். நோயின் அளவைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணமாகிவிடும். சிகிச்சை தொடங்கியவரிடமிருந்து நோய் மற்றவருக்குப் பரவுவது மிக விரைவில் நின்றுவிடும். தனித் தட்டு, தனி அறை எதுவும் வேண்டாம்.

அடுத்து, கணக்குப் படித்தவர்களுக்கு இங்கே என்ன வேலை? அதற்கு 1968க்குப் போக வேண்டும். அன்றைய செங்கல்பட்டு மாவட்டம் பெரியது. இன்றைய திருவள்ளூரும் காஞ்சிபுரமும் அதற்குள் இருந்தன. திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களில் பி.சி.ஜி. தடுப்பூசி காசநோயை உண்மையில் தடுக்கிறதா என்று பார்க்கும் ஆய்வை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) தொடங்கியது. உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொது சுகாதாரத் துறையும் துணை நின்றன. சுமார் 2,60,000 பேர் பங்கேற்றார்கள். சிலருக்கு நிஜ ஊசி, சிலருக்கு மருந்தில்லாத ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது.

ஏன் இப்படி மறைக்க வேண்டும்? நிஜ ஊசி போட்டுக்கொண்டவர் என்று தெரிந்தால், அவருக்கு இருமல் வந்தாலும் ‘சளியாக இருக்கும்’ என்று மனசு சொல்லும். அந்தச் சாய்வைத் தடுக்கத்தான் புள்ளியியலாளர்கள் (எண்களை வைத்து உண்மையைச் சோதிப்பவர்கள்) இவ்வளவு பாடுபட்டு ஆய்வை வடிவமைக்கிறார்கள்.

15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைப் பி.சி.ஜி. தடுக்கவில்லை என்பதுதான் முடிவு. தடுப்பூசியை நம்பியிருந்த உலகத்துக்கு அது கசப்பான செய்தி. அதை மறைக்காமல் வெளியிட்டார்கள் என்பதுதான் இந்த ஆய்வின் பெரும் மதிப்பு என்று நான் நினைக்கிறேன். வெப்பமான ஊர்களில் மண்ணிலும் நீரிலும் இருக்கும் காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள் ஊசியின் பலனை மங்கச் செய்யலாம் என்ற விளக்கம் அதன் பிறகு வலுத்தது.

அப்படியென்றால் பிறந்த குழந்தைக்கு ஏன் இன்னும் பி.சி.ஜி. போடுகிறார்கள்? நியாயமான கேள்வி. குழந்தைகளின் மூளையைத் தாக்கும் காசநோய் போன்ற கொடிய வகைகளை அந்த ஊசி தடுக்கிறது. ஆகவே குழந்தைக்குக் கட்டாயம் போடுங்கள். ஆனால் ‘சின்ன வயதில் ஊசி போட்டாச்சு, எனக்கு டி.பி. வராது’ என்று எந்தப் பெரியவரும் நினைக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

காசநோயில் நம் ஊர்க் கணக்கு உலகத்தையே மாற்றிய இன்னொரு கதையும் உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், ஏழை நோயாளிகளில் ஒரு பாதியை மருத்துவமனையிலும் மறு பாதியை அவரவர் வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், வீட்டாருக்கும் கூடுதலாகப் பரவவில்லை. 1959இல் முடிவு வெளிவந்தது. இன்று நீங்கள் வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிடுவது அதனால்தான்.

தொழுநோய்க்கும் தடுப்பூசி தேடினார்கள். 1991இல் தொடங்கி, செங்கல்பட்டு மாவட்டக் கிராமங்களில் சுமார் 1,71,400 பேரிடம் பல தடுப்பூசிகளை ஒப்பிட்டுப் பார்த்தது ஆவடியில் இருந்த ஐ.சி.எம்.ஆர். களப்பிரிவு. அதை நடத்தியவர் எம்.டி. குப்தே. 1999இல் அந்தத் தொழுநோய்க் களப்பிரிவையும் சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் நிறுவனத்தையும் ஒன்றாக்கித் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தை உருவாக்கினார்கள். நோய்ப்பரவியல் (நோய் யாருக்கு, எங்கே, எப்போது வருகிறது என்று எண்ணிக் காரணம் தேடும் படிப்பு) என்பது கிராமத்தில் நடந்த கால்களும் கணக்குப் போட்ட கைகளும் சேர்ந்த துறை. அயப்பாக்கத்தில் இருக்கும் அந்த நிறுவனத்தின் பிறப்பே அதற்குச் சாட்சி.

அந்த நிறுவனமும் தமிழக அரசும் சேர்ந்து 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைப் பாருங்கள். நோய் உறுதியானவுடன் எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்பதை மட்டும் பார்க்கிறார்கள். இவற்றில் மோசமானவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். எந்த நோயாளி முதல் சில வாரங்களில் இறந்துபோகக்கூடும் என்பதை இந்த எளிய சோதனைகளே சொல்லிவிடும். உங்கள் வீட்டு நோயாளி மெலிந்து, எழுந்து நிற்கத் தள்ளாடினால் மாத்திரை வேலை செய்யட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

டாக்டரும் கணக்குப் படித்தவரும் போக, பொருளாதாரம் படித்தவருக்கு இங்கே என்ன வேலை? செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் திருக்கழுக்குன்றம். அந்த வட்டாரத்தில் 1981இல் டி.கே. சுந்தரி ரவீந்திரன் என்ற பொருளாதாரம் படித்த பெண்ணும், கிராமங்களில் முதியோர் கல்வி வேலை பார்த்த தலித் பெண்களும் சேர்ந்து ‘ரூவ்செக்’ என்ற கிராமப்புறப் பெண்கள் அமைப்பைத் தொடங்கினார்கள். எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போன இடத்தில் பெண்கள் பேசியது உடம்பைப் பற்றி. பிரசவம், வெள்ளைப்படுதல், கர்ப்பப்பை இறக்கம், குடித்துவிட்டு அடிக்கும் கணவன்.

இந்தப் பின்னணி கேட்கும் கேள்வி வேறு. மருத்துவர் ‘என்ன நோய்?’ என்பார். இவர்கள் ‘நாலு மாதமாக வலி இருந்தும் ஏன் வரவில்லை? கூலி போகுமென்றா? கூட்டிவர ஆளில்லையா? ஆஸ்பத்திரியில் மரியாதை இல்லையா?’ என்றார்கள். கிராமத்துப் பெண்களே கேட்டு, எழுதி, தொகுத்தார்கள். சுந்தரி ரவீந்திரன் பிறகு திருவனந்தபுரத்தில் அச்சுத மேனன் மையத்தில் பேராசிரியராகி, பெண்களின் உடல்நலமும் மருத்துவச் செலவும் பற்றி உலக அளவில் பேசும் ஆய்வாளரானார். ஆஸ்பத்திரியில் மருந்து இருந்தும் மக்கள் வராமல் இருப்பது ஏன் என்று தெரிய வேண்டுமானால் இப்படிப்பட்டவரைத்தான் கேட்க வேண்டும்.

பட்டமே இல்லாத நிபுணர்களும் இருக்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, நஞ்சை எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்குத் தேவையான நஞ்சில் பெரும்பங்கு இங்கிருந்து போயிருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தகுதியான மரியாதை.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்று ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. பலர் ஆஸ்பத்திரிக்கே வராமல் இறந்தவர்கள், பதிவேட்டில் இல்லாதவர்கள். அப்படியானால் எப்படித் தெரிந்தது? வாய்மொழிச் சாவு விசாரணை (இறந்தவரின் வீட்டாரிடம் கடைசி நாட்களின் அறிகுறிகளைக் கேட்டுக் காரணத்தைக் கணிப்பது) என்ற முறை இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த வி. கஜலட்சுமி இந்த முறையில் சுமார் 43,000 ஆண்களின் சாவுகளை ஆராய்ந்து, புகைபிடிப்பது காசநோய்ச் சாவை எவ்வளவு கூட்டுகிறது என்று 2003இல் காட்டினார். துக்க வீட்டுக்கு வந்து ஒருவர் ‘கடைசியில் மூச்சு வாங்கியதா?’ என்று கேட்டால் அது வம்பு விசாரிப்பது இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பாம்பு கடித்தால் கட்டுப் போட்டு இறுக்காதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து உடனே 108ஐ அழைத்து, நஞ்சு முறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. அதாவது தனியார் ஆஸ்பத்திரியும் ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். எந்தச் சட்டத்தின் கீழ்? 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொது சுகாதாரச் சட்டம். இந்தியாவிலேயே இத்தகைய முதல் சட்டம் அதுதான். குடிநீர், சாக்கடை, தொற்றுநோய், திருவிழாக் கூட்டம் வரை எல்லாவற்றையும் பற்றி அது பேசுகிறது.

பூச்சியியல் படித்தவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெங்குக் கொசு வீட்டுக்குள் நல்ல தண்ணீரில் முட்டையிடும். யானைக்கால் நோயைப் பரப்புவது சாக்கடைத் தண்ணீரில் வளரும். சென்னையின் மலேரியாக் கொசு கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் வளரும். ஆகவே தெருவில் புகை அடிப்பதை மட்டும் பார்த்து நிம்மதியடையாதீர்கள். ஃபிரிட்ஜின் பின்தட்டும் மூடாத தொட்டியும் நம் பொறுப்பு.

வேலையிடத்தையும் சூழலையும் பார்ப்பவர்களும் உண்டு. கேளம்பாக்கம், கோவளம் பக்கம் உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவின் வித்யா வேணுகோபால் குழு தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் வெயிலும் சிறுநீரகப் பாதிப்பும் பற்றி ஆராய்ந்தது. கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீரையே குறைத்துக் குடிக்கிறார்கள் என்ற உண்மை இத்தகைய ஆய்வில்தான் வெளிவருகிறது. ‘தண்ணீர் குடியுங்கள்’ என்ற அறிவுரை அங்கே செல்லாது, கழிப்பறை கட்ட வேண்டும்.

சர்க்கரை மருத்துவர் வி. மோகனின் குழு 2006இல் செய்யூர் பக்கம் சூணாம்பேட்டில் 42 கிராமங்களுக்குக் கண் பரிசோதனைக் கருவியும் செயற்கைக்கோள் இணைப்பும் உள்ள வண்டியை அனுப்பியது. அறையில் உட்கார்ந்து நோயாளிக்குக் காத்திருந்த சிறப்பு மருத்துவரும் பொது சுகாதாரக்காரராக மாறலாம்.

சரி, தொலைக்காட்சியில் வரும் நிபுணரை எப்படி எடைபோடுவது? பட்டத்தை விட அவர் இத்தனை நாள் எதை ஆராய்ந்தார் என்று பாருங்கள். இதய அறுவை நிபுணர் தன் துறையில் பெரியவராக இருக்கலாம், ஆனால் தண்ணீரில் பரவும் நோயைப் பற்றி உங்கள் வட்டாரச் சுகாதார ஆய்வாளருக்கு அவரைவிட அதிகம் தெரியும். அவருடைய ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார் என்றும் பாருங்கள். மருந்து கம்பெனியோ உணவு கம்பெனியோ கொடுத்திருந்தால் பொய் என்று அர்த்தமில்லை, கூடுதலாக ஒரு முறை யோசிக்க வேண்டும் என்று அர்த்தம். ‘இதுவரை தெரிந்தது இவ்வளவு’ என்று எல்லை சொல்பவரை நம்பலாம். நூறு சதவீதம் என்று சத்தியம் செய்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

இப்போது உங்கள் வாசலுக்கு வருவோம். வருகிறவர் இரண்டு வகை. முதல் வகை அரசுப் பணி. கிராம சுகாதார செவிலியர் தடுப்பூசிக் கணக்கு எடுப்பார், சுகாதார ஆய்வாளரும் கொசு ஒழிப்புப் பணியாளரும் தொட்டியைத் திறந்து பார்ப்பார்கள், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்ப்பார்கள். இது ஆராய்ச்சி இல்லை. அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு ஒத்துழையுங்கள்.

இரண்டாவது வகை ஆராய்ச்சி. இதில் உங்கள் சம்மதம் இல்லாமல் ஒன்றும் செய்யக் கூடாது. என்ன ஆய்வு, எதற்கு, எவ்வளவு நேரம், என்ன தொல்லை வரலாம் என்று தமிழில் எழுதிய தாளை உங்களிடம் தர வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குச் சாட்சி வைத்து வாசித்துக் காட்ட வேண்டும். நெறிமுறைக் குழு (ஆய்வு மக்களுக்குத் தீங்கு செய்யாமல் இருப்பதைப் பார்க்கும் குழு) எது, யாரிடம் புகார் செய்யலாம் என்ற எண் அதில் இருக்கும். கையெழுத்துப் போட்ட தாளின் நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

‘முடியாது என்றால் ரேஷனோ ஆரம்ப சுகாதார நிலைய மருந்தோ நின்றுவிடுமா?’ நிற்காது. மறுக்கலாம், பாதியில் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ‘என் ரத்தத்தில் ஏதாவது கண்டுபிடித்தால் சொல்வார்களா?’ கையெழுத்துப் போடும் முன் இதைக் கட்டாயம் கேளுங்கள். ‘புது மருந்தால் உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டால்?’ 2019ஆம் ஆண்டின் மருந்து ஆய்வு விதிகளின்படி, ஆய்வால் வந்த பாதிப்புக்கு இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும். குழந்தை என்றால் பெற்றோர் சம்மதம் தேவை. ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடமும் கேட்க வேண்டும்.

யாராவது வங்கிக் கணக்கு விவரமோ ஓ.டி.பி.யோ கேட்டால் அது சுகாதார ஆய்வு இல்லை. கதவைச் சாத்திவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

மகனோ மகளோ இந்தத் துறைக்கு வர ஆசைப்பட்டால்? எம்.பி.பி.எஸ். முடித்தவர் சமூக மருத்துவத்தில் எம்.டி. படிக்கலாம். மற்றப் பட்டதாரிகளுக்கும் எம்.பி.எச். (பொது சுகாதார முதுகலை) உண்டு. காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம்.மில் இதற்கென்றே ஒரு பள்ளி இருக்கிறது. அயப்பாக்கம் நிறுவனத்திலும் படிப்புகள் இருக்கின்றன. சேர்க்கைத் தகுதியை அந்தந்த இடத்தில் நேராகக் கேளுங்கள். புள்ளியியல், நர்சிங், சமூகப் பணி, பூச்சியியல் எது படித்திருந்தாலும் இங்கே இடமுண்டு. கிராமத்தில் நடக்கவும் மனிதரிடம் பொறுமையாகக் கேட்கவும் மனம் இருக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு, பதில் சரியாக இருந்தால், ஆய்வில் சேருங்கள். வசதியானவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் ‘நேரமில்லை’ என்று ஒதுங்கினால் கணக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும், அதை நம்பிப் போடும் திட்டமும் சாயும். வந்தவர் யார் என்று சந்தேகம் இருந்தால் 104க்குப் போன் செய்து விசாரியுங்கள். தமிழக அரசின் சுகாதார உதவி எண் அது, எந்த நேரமும் பேசலாம்.